சுவருக்குச் சொன்னது

எவேலியோ முதன்முதலாகச் செதுக்கியது தன் தங்கையின் முகத்தை. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. எல் சல்வடோரில், தலைநகரை ஒட்டிய சொயாபங்கோவில் இருந்தான். தையல் ஆலைக்கு வேலைக்குப் போன யெசேனியா ஒரு வியாழக்கிழமை வீடு திரும்பவில்லை. அவளுடைய ஒரே படத்தைப் பிரதி எடுத்தபோது முகம் கறுத்துப்போய் யாரென்றே தெரியவில்லை. தரையிலிருந்து பெயர்ந்து கிடந்த லினோலியத் துண்டொன்றை எடுத்து, சமையல் கத்தியைத் தீட்டி, அதில் அவள் முகத்தை வெட்டினான். சப்பாத்து மையைப் பூசி எண்பது தாள்களில் ஒற்றியெடுத்துப் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டினான். பதினோராம் நாள் அவளைக் கண்டெடுத்தார்கள். உயிர் இல்லை. யார் செய்தது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து அவன் இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில் இருந்தான். முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு வந்திருந்த சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன். சித்தி பிறகு வடக்கே போய்விட்டாள், அவன் இங்கேயே தங்கிவிட்டான். குளிர்காலத்தில் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பறிப்பான். மற்ற மாதங்களில் வுச்சீரியாவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவான். பல்லரோச் சந்தைக்குப் பின்னால், தெருமட்டத்தில் ஓர் ஒற்றை அறை அவனுக்கு இருந்தது. ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் மேசையும் உளிகளும் மை உருளையும். அச்சுப்பொறி கிடையாது. மை பூசிய பலகையின் மேல் தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்தே படத்தை எடுப்பான்.

கொல்லப்பட்டவர்களைத்தான் அவன் பலகையில் வெட்டினான். ஆனால் அவர்கள் செத்துக் கிடந்ததை வெட்டமாட்டான். ஒரு பெண்ணைக் கணவன் கொன்றான் என்று செய்தி வந்தால், அந்தத் தெருவுக்குப் போய் அயலவர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்பான்: அன்று காலை அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? பிறகு அதை வெட்டுவான். பல்கனியில் சின்னச் சின்னச் சட்டைகளைக் காயப்போடும் பெண். கத்தியும் இராது, இரத்தமும் இராது. கீழே பெயரும் வயதும் மட்டும். விடியும் நேரத்தில் பசை வாளியோடு போய் அந்தத் தெருச் சுவரிலேயே ஒட்டிவிட்டு வருவான்.

அவனுடைய அறைக்கு மேல்மாடியில் இலங்கையின் மன்னாரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருந்தது. ஸ்ரான்லி, அவன் மனைவி எமிலியானா, ஒன்பது வயது மகள் ஜூலி, எமிலியானாவின் தம்பி றொஜர். எமிலியானா இரண்டு சிஞ்ஞோராக்களின், இத்தாலிய எசமானிகளின், வீடுகளில் துப்புரவு வேலை செய்தாள். ஆண்கள் இருவரும் தோட்டத்துக்குப் போனார்கள். எவேலியோவுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவனே ஸ்ரான்லிதான்.

றொஜர் "அத்தான்" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் ஆளின் பெயர் என்று நினைத்து எவேலியோவும் முதல் நாளே "அத்தான்" என்றான். மாடிப்படியில் நின்ற எமிலியானா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த துணிக்கூடை சரிந்தது.

"அத்தான் எண்டா அக்காவின்ர மனுசன். அப்ப நீ எனக்குத் தம்பி. எனக்கு ஏற்கெனவே ஒண்டு இருக்கு, அதுவே காணும்."

"அப்ப நான் என்னெண்டு கூப்பிடுறது?"

"விடும் எமி," என்றான் ஸ்ரான்லி. "வாயில வந்திட்டுது. கூப்பிடட்டும்."

அன்றிலிருந்து அவன் அத்தான், அவள் அக்கா. அவர்கள் கதைத்தது இத்தாலிய மொழிதான். இடையிடையே எவேலியோவுக்கு வாய்த்த தமிழ்ச் சொற்களும் வந்து விழும்.

ஸ்ரான்லி பேசாலையில் மீன்பிடித்தவன். கடலில் எந்தக் காற்றுக்கும் பயப்படாதவனுக்கு ஏணி என்றால் கால் நடுங்கும். தோட்டத்தில் நிலம் படிப்படியாக, கல் கட்டி உயர்த்தியது. அதில் ஏணி ஒருபோதும் நேராக நிற்காது. அதனால் அவன் ஏறும்போதெல்லாம் எவேலியோ கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வான். "நீ விட்டா நான் போயிட்டன், தெரியுமோ," என்று மேலிருந்து சொல்லி, இறங்கும்போது அவன் சட்டைப் பையில் இரண்டு மண்டரினைத் திணிப்பான்.

பெப்ரவரி மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பெர்மெஸ்ஸோ எனும் வதிவிட அனுமதிக்குக் கைவிரல் அடையாளம் கொடுப்பதற்கு எவேலியோ குவெஸ்தூரா எனும் பொலிஸ் தலைமையகத்துக்குப் போகவேண்டியிருந்தது. அன்று அவன் வேலைக்குப் போகவில்லை.

நான்கு மணிபோல எமிலியானாவுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. சிஞ்ஞோராவின் வீட்டில் சட்டைகளுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஸ்ரான்லிக்கு நினைவில்லை. மருத்துவமனைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பேருந்து நிறுத்தத்தின் பக்கத்தில் நடைபாதையில் கிடந்தானாம். தலையில் அடி. யாரோ கண்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவன் இறந்துபோனான்.

"அத்தான் மத்தியானமே வெளிக்கிட்டவர்," என்றான் றொஜர். "தலை சுத்துது எண்டவர். பஸ்ஸுக்கு நடந்து போறன் எண்டவர். நான் மற்றப் பக்கத்தில நிண்டனான் அக்கா, எனக்கு ஒண்டும் தெரியாது."

தோட்டத்தில் நின்ற எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஏதோ ஒரு வாகனம் மோதிவிட்டு நிற்காமல் போயிருக்கவேண்டும் என்று பொலிஸ் எழுதியது. அந்த இடத்தில் கமரா இல்லை. ஆட்களைச் சேர்த்துத் தன் வானில் தோட்டத்துக்கு ஏற்றிப்போகும் கப்பொராலே, தேவாலயத்தில் நடந்த அடக்கப் பூசைக்கு வந்திருந்தான். பெரிய மலர்வளையம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, எமிலியானாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். றொஜர் அவனுக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான்.

எவேலியோ கோவிலின் கடைசி வாங்கில் இருந்தான். அன்று நான் போயிருந்தால் அத்தானுக்குத் தலைசுற்றியிருக்காதா, கூட நடந்து போயிருப்பேனா என்று என்னவெல்லாமோ மனதில் ஓடியது. வெள்ளிக்கிழமை ஏன் போனேன், திங்கட்கிழமைக்கு மாற்றித் தரும்படி கேட்டிருக்கலாமே என்று நினைத்தான். கேட்டிருந்தால் மாற்றித் தந்திருக்கவும் மாட்டார்கள்.

எட்டாம் நாள் எமிலியானா கீழே இறங்கி வந்தாள். அவனுடைய அறைக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. சுவரில் தொங்கிய படங்களைப் பார்க்காமல் நேரே அவனைப் பார்த்தாள்.

"எவேலியோ, நீ சுவரில ஒட்டுறதுகள் செய்யிறாய் எல்லே. எனக்கும் ஒண்டு செய்து தா."

"என்ன செய்ய அக்கா?"

"காரைக் கண்டவை ஆரும் இருந்தா வந்து சொல்லச் சொல்லி. அந்த பஸ் நிக்கிற இடத்தில ஒட்டுவம்."

 அவன் தலையை ஆட்டினான். அன்றே வெட்டினான். மேலே ஸ்ரான்லியின் முகம். கீழே நாளும் நேரமும் அவளுடைய தொலைபேசி எண்ணும். இருவரும் சேர்ந்து போய் ஒட்டினார்கள்.

அதன் பிறகு எமிலியானா ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து அந்த நிறுத்தத்துக்குப் போனாள். நாலரையிலிருந்து ஆறு மணிவரை நிற்பாள். இறங்குபவர்களிடமும் ஏறுபவர்களிடமும் கேட்பாள். சிலர் நின்று கேட்டார்கள். சிலர் பிச்சை கேட்கிறாள் என்று நினைத்து விலகிப் போனார்கள். பன்னிரண்டாம் நாள் ஒரு வயதான பெண் அவளிடம் வந்தாள். அம்புலன்ஸைக் கூப்பிட்டது அவள்தான்.

"கார் எதையும் நான் காணவில்லை," என்றாள் அந்தப் பெண். "வரும்போதே அவர் கிடந்தார். கண் திறந்திருந்தது. உங்கள் மொழியில் ஏதோ சொன்னார். திரும்பத் திரும்ப ஒரே சொல். எனக்கு விளங்கவில்லை."

"என்ன சொல்?"

அந்தப் பெண் யோசித்து யோசித்து, நாக்கை வளைத்துச் சொல்லிப் பார்த்தாள். "தன்னி. தன்னி."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது எமிலியானா அதை வீட்டில் சொன்னாள். "தண்ணி கேட்டவராம். அந்த மனுசிக்கு விளங்கேல்லையாம். ஒருத்தரும் குடுக்கேல்லை." றொஜர் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போய்க் கை கழுவினான்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் அவன் எவேலியோவின் கதவைத் தட்டினான். எமிலியானா ஜூலியையும் கூட்டிக்கொண்டு நிறுத்தத்துக்குப் போயிருந்தாள். றொஜர் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் இருக்காமல் நிலத்தில் இருந்தான்.

"மச்சான், கார் ஒண்டும் அடிக்கேல்லை."

எவேலியோ கையிலிருந்த உளியைக் கீழே வைத்தான்.

"ஏணி சரிஞ்சது. நீ அண்டைக்கு இல்லை. நான் வேற மரத்தில நிண்டனான். சத்தம் கேட்டு ஓடி வந்து பாத்தா, கல்லுக்கட்டில தலை அடிபட்டுக் கிடக்கிறார். மூச்சு இருந்தது. அம்புலன்ஸ் கூப்பிடுவம் எண்டனான். கப்பொராலே வேண்டாமெண்டான். தான் கொண்டுபோறன் எண்டான். நானும் வானில ஏறினன். அத்தான்ர தலை என்ர மடியில."

"பிறகு?"

"ஆஸ்பத்திரிக் கேட் தெரியுது, மச்சான். கண்ணுக்கு முன்னால தெரியுது. அவன் வானை நிப்பாட்டிப்போட்டான். உள்ளை போனா எங்கை வேலை செய்தவன் எண்டு கேப்பாங்கள், உனக்கும் வேலைக் கடதாசி இல்லை, உன்ர பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு, பேந்து யோசிச்சுக்கொள் எண்டான். இஞ்சை இறக்கி விட்டா ஆரும் கண்டு கூப்பிடுவினம் எண்டான். தலைப்பக்கம் அவன் பிடிச்சான்."

அதற்கு மேல் சொல்ல முடியாமல் றொஜர் எழுந்து நின்றான். இல்லாத இரண்டு கால்களைப் பிடிப்பதுபோலக் குனிந்து, கைகளை நீட்டிக் காட்டினான். வலது கை மடங்கியது. இடது கை விறைத்து நேராக நின்றது. வன்னியில் கடைசிச் சண்டையின்போது ஷெல் துண்டு பட்ட முழங்கை அது. அதை மடக்க முடியாது. பாரம் தூக்கினால் எப்போதும் அப்படித்தான் தூக்குவான்.

"இப்பிடித்தான்," என்றான். "இப்பிடித்தான் இறக்கினனாங்கள். தண்ணி எண்டவர். எனக்குக் கேட்டது."

எவேலியோ எழுந்து போய் அவனைக் கட்டிப் பிடித்தான். 

"அக்காக்குச் சொல்லு," என்றான் எவேலியோ.

"சொல்லுவன். பெர்மெஸ்ஸோ கையில வந்த அண்டைக்கே சொல்லுவன். பொலிசுக்கும் போவன். நீ சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

"அவ ஒவ்வொரு நாளும் அங்கை போய் நிக்கிறா."

"எனக்குத் தெரியாதோ? சத்தியம் பண்ணு மச்சான்."

எவேலியோ சத்தியம் பண்ணினான்.

மூன்று வாரம் அவன் அதைக் காப்பாற்றினான். மழையிலும் எமிலியானா போய் நின்றாள். இருமல் பிடித்தது. ஒரு நாள் மாலை படியில் அவனைக் கண்டு, கைப்பையிலிருந்து ஜூலியின் பழைய கொப்பி ஒன்றை எடுத்துக் காட்டினாள். முன்பக்கம் நசுங்கிய கார்களின் இலக்கங்கள், நிறங்கள், கண்ட இடம், நேரம். ஆறு பக்கம் எழுதியிருந்தாள்.

"இது வெள்ளை. லைட் உடைஞ்சிருக்கு. ரெண்டு தரம் கண்டனான்," என்றாள். "இவனாத்தான் இருக்கவேணும் எண்டு எனக்குப் படுது. நீ என்ன நினைக்கிறாய்?"

அவன் என்னவோ முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இல்லாத ஒரு காரைத் தேடி அவள் இன்னும் எத்தனை நாள் நிற்பாள்? மழையில் நனைந்து, ஒரு பாவமும் அறியாத யாரோ ஒரு வெள்ளைக் கார்க்காரனை மனதால் வெறுத்துக்கொண்டு? கார் இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தான். பெயர் சொல்லவேண்டியதில்லை. முகம் காட்டவேண்டியதில்லை. அப்படிச் செய்தால் சத்தியமும் நிற்கும், அவளும் வீட்டில் இருப்பாள்.

யாரோ வீசிய அலுமாரிக் கதவொன்று அவனிடம் இருந்தது. அதில்தான் வெட்டினான். கொல்லப்பட்டவர் கடைசியாகச் செய்த வேலையை வெட்டுவது அவன் வழக்கம். அப்படிப் பார்த்தால் ஏணியில் நிற்கும் ஸ்ரான்லியைத்தான் வெட்டியிருக்கவேண்டும். இந்தத் தடவை கோபம் அவனை விடவில்லை. கதவு திறந்த வான். நடைபாதையில் ஒரு மனிதனை இறக்கும் இரண்டு பேர். இருவருமே தொப்பி போட்டுக் குனிந்திருந்தார்கள், முகம் தெரியாது. பலகையில் வெட்டுவது தாளில் இடம் வலமாக மாறித்தான் விழும். அதனால் முதலில் வரைந்ததைத் திருப்பிப் போட்டு, நடந்தது நடந்தபடியே விழும்படி வெட்டினான். தன் வேலையில் அவன் அவ்வளவு கவனமானவன். நான்கு நாள் எடுத்தது. கீழே பெரிய எழுத்தில் இத்தாலிய மொழியில் ஒரு வரி: எந்தக் காரும் மோதவில்லை.

ஒன்பது தாள் எடுத்தான். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், சந்தைக்காரர்கள் தட்டிகளை விரிக்கத் தொடங்கும் நேரம், பல்லரோவில் நான்கும் வுச்சீரியாவில் மூன்றும் ஒட்டினான். கடைசி இரண்டையும் அந்தப் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டினான்.

ஏழரை மணிக்கு ஜூலியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் வழியில் எமிலியானா அதைக் கண்டாள். மீன்கடைக்காரர் இருவர் அதற்கு முன்னால் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே கிடத்தப்படும் மனிதனின் முகத்தை ஒரு கணத்திலேயே அறிந்துகொண்டாள். வரியை வாசித்தாள். பிறகு கால்களைப் பிடித்திருப்பவனைப் பார்த்தாள்.

ஜூலியும் பார்த்துக்கொண்டிருந்தாள். "மம்மா, குவார்தா! பாருங்கோ!" என்றாள். "மாமான்ர கை மாதிரி."

"ஓம்," என்றாள் எமிலியானா. "மாதிரித்தான். நட, மணி அடிக்கப் போகுது."

பிள்ளையை விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போகவில்லை. திரும்பி வந்து மாடிப்படியில் இருந்தாள். பத்து மணிபோல வெளியே வந்த எவேலியோ அவளைக் கண்டு நின்றான்.

"அக்கா வேலைக்குப் போகேல்லையோ?"

"இல்லை."

"சுகமில்லையோ?"

"சுகம்." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "சந்தையில இருக்கிற படம் நீ செய்ததோ?"

"ஓம் அக்கா."

"நல்லாச் செய்திருக்கிறாய்," என்றாள். "அச்சொட்டா இருக்கு."

எது அச்சொட்டாக இருக்கிறது என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. சந்தைப்பக்கம் நடந்துபோய், தன் படத்தின் முன்னால் நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. விறைத்து நேராக நிற்கும் இடது கை. றொஜர் நின்று காட்டினான், எவேலியோ தான் கண்டதை அப்படியே வெட்டிவிட்டான். அவன் திரும்ப ஓடி வந்தான். எமிலியானா அதே படியில் அதேபோல இருந்தாள். அவளைத் தாண்டி மேலே போகவோ, பக்கத்தில் இருக்கவோ அவனுக்குத் துணிவு வரவில்லை. றொஜருக்கு அழைப்பு எடுத்துப் பார்த்தான். தோட்டத்தில் தொலைபேசியைக் கையில் வைத்திருக்க விடமாட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நான்கு மணிக்கு றொஜர் வந்தான். தொப்பியைக் கழற்றியபடி உள்ளே நுழைந்தவன் அக்காவைக் கண்டதும் நின்றுவிட்டான். எவேலியோவின் கதவு திறந்திருந்தது. எல்லாம் அவன் காதில் விழுந்தது.

"கால்மாட்டில பிடிச்சது நீயோ?"

றொஜர் தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கேக்கிறன். நீயோ?"

"ஓம் அக்கா."

"தண்ணி கேட்டவரோ?"

"ஓம்."

"குடுத்தனியோ?"

"போத்தில் வானுக்குள்ள இருந்தது. எடுக்கத்தான் போனனான். அவன் ஏறச் சொன்னான்..."

"குடுத்தனியோ எண்டு கேட்டனான்."

"இல்லை."

அவன் படியில் விழுந்து அவளுடைய கால்களைப் பிடித்தான். அவள் கால்களை இழுக்கவும் இல்லை, குனிந்து தொடவும் இல்லை. சண்டைக் காலத்தில் பதுங்குகுழியில் அந்தக் கையைத் தன் சட்டையைக் கிழித்துக் கட்டியவள் அவள்தான். அவனை இத்தாலிக்குக் கூப்பிட்டவளும் அவள்தான்.

"போ," என்றாள். "ஜூலி வரமுன்னம் போ."

அவன் ஒரு பையோடு இறங்கினான். எவேலியோவின் வாசலில் நின்று உள்ளே பார்த்தான். திட்டுவான், அடிப்பான் என்று எவேலியோ எதிர்பார்த்தான். "முகம் போடேல்லைத்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டு றொஜர் துறைமுகப் பக்கம் நடந்தான். அன்றைய கப்பலில் நாப்போலிக்குப் போய், அங்கிருந்து பிரான்சுக்குப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

மறுநாளே எவேலியோ ஓர் அவ்வொக்காத்தாவைத் தேடிப் போனான். தொழிற்சங்கத்தில் இருந்த அந்த இளம் பெண் வழக்கறிஞர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பொலிசிலும் போய் வாக்குமூலம் கொடுத்தான். அங்கே எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கேட்டார்.

"நீ கண்டாயா?"

"இல்லை. கண்டவன் என்னிடம் சொன்னான்."

"அவன் எங்கே?"

"தெரியாது."

அவர் அதையும் எழுதினார். கப்பொராலே மறுத்தான். தோட்டத்து ஆட்கள் முன்பு சொன்னதையே சொன்னார்கள். ஏணியும் இல்லை, வானில் தடயமும் இல்லை. கால்பக்கம் பிடித்த ஒருவன் வந்து சொன்னால் ஒழிய இதில் ஒன்றும் நகராது என்று அவ்வொக்காத்தா கைவிரித்தாள். அந்த ஒருவனைத் துரத்தியது தன் படம்தான் என்பதை எவேலியோ அவளுக்குச் சொல்லவில்லை.

இதற்கிடையில் படம் ஊரெல்லாம் பரவியிருந்தது. யாரோ எடுத்துப் போட்டதை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்திருந்தார்கள். ஒரு பத்திரிகையாளர் வந்தார். மிலானில் ஒரு காட்சிக்கூடம் கடிதம் எழுதியது. துணிவான கலை என்று அதில் இருந்தது. எவேலியோ பதில் போடவில்லை.

ஏப்ரல் கடைசியில் எமிலியானா இரண்டாம் தடவையாக அவனுடைய அறைக்கு வந்தாள். கதவடியிலேயே நின்றாள். மெலிந்துபோயிருந்தாள்.

"ஒண்டு கேக்க வந்தனான்."

"இருங்கோ அக்கா."

"வேண்டாம். உனக்கு எப்ப தெரியும்?"

"மார்ச் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை."

"நான் பஸ் ஸ்ராண்டில நிண்ட ஞாயிறோ?"

"ஓம்."

"கொப்பியைக் காட்டினனே. அப்பவும் உனக்குத் தெரியும்."

"ஓம் அக்கா. சத்தியம் வாங்கிப்போட்டான். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு."

அவள் சுவரில் தொங்கிய படங்களை முதல் தடவையாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காயப்போட்ட சட்டைகள். பல்கனி.

"சத்தியம் பண்ணினா அதைக் காப்பாத்தியிருக்கலாம். நான் இன்னும் கொஞ்ச நாள் நிண்டிருப்பன், பெர்மெஸ்ஸோ வர அவனே வந்து என்னட்டைச் சொல்லியிருப்பான். அவன் வாயால. இல்லாட்டி சத்தியத்தை உடைக்கிறதெண்டா எனக்காக உடைச்சிருக்கலாம். மேல வர பதினெட்டுப் படி. வந்து கதவைத் தட்டி, அக்கா, இப்பிடியெண்டு சொல்லியிருக்கலாம். நீ ரெண்டும் செய்யேல்லை. சுவருக்குச் சொன்னாய். மீன் வாங்க வந்த சனத்துக்குச் சொன்னாய். நான் சனத்தோட சனமா நிண்டு, என்ர பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பாத்தனான்."

எவேலியோ தலையைத் தொங்கப்போட்டபடி இருந்தான். நீங்கள் மழையில் நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று சொல்ல நினைத்தான். அது உண்மைதான். ஆனால் அலுமாரிக் கதவில் உளி இறங்கிய அந்த நான்கு நாளும், இவளை நினைத்ததைவிடப் படத்தைத்தான் அதிகம் நினைத்தான். அதுவும் உண்மை. அதனால் எதையும் சொல்லவில்லை.

"நீ கெட்டவன் இல்லை," என்றாள் எமிலியானா. "அது எனக்குத் தெரியும். அதாலதான் இன்னும் நோகுது."

அவள் போன பிறகு அவன் வெகுநேரம் அழுதான். மறுநாள் ஒரு வாளித் தண்ணீரும் சுரண்டும் தகடும் எடுத்துக்கொண்டு பல்லரோவுக்குப் போனான். வெயில் ஏறிய நேரம், சந்தை நிரம்பியிருந்தது. பட்டப்பகலில் தன் படத்தைத் தானே சுரண்டுபவனை ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். நல்ல படம், ஏன் கிழிக்கிறாய் என்று மீன்கடைக்காரர் சத்தம் போட்டார். ஜூலி பள்ளிக்கூடம் போகும் வழி இது என்று மட்டும் எவேலியோ சொன்னான். நல்ல பசை. ஓர் இடத்தில் வானும் கதவும் வந்துவிட்டன, கைகள் வரவில்லை. ஈரமாக்கி ஈரமாக்கி, நகம் பிய்யும்வரை சுரண்டினான்.

யூலை மாதம் வழக்கு மூடப்பட்டது. சாவி கொடுத்த பொம்மைபோல வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த எமிலியானா, வடக்கே மொடேனாவில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை அனிற்றாவிடம் போவதற்கு முடிவு செய்தாள். புறப்படும் நாளை எவேலியோவுக்குச் சொன்னது ஜூலிதான். சொல்லக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பேருந்து நிலையத்துக்கு அவன் போனான். மூன்று பெரிய பைகளோடு இருவரும் நின்றார்கள். எமிலியானா அவனைக் கண்டும் முகத்தைத் திருப்பவில்லை.

"நீ வந்திருக்கத் தேவையில்லை."

"ஓம் அக்கா."

பைகளை நெருக்கி வைத்துவிட்டு அவளே கதைத்தாள். "கேஸை மூடியாச்சாம். அவ்வொக்காத்தா சொன்னவ. றொஜர் வந்து சொன்னா திரும்பத் திறக்கலாமாம்."

"அவன் வருவானோ?"

"நான் கூப்பிட்டா வருவான். ஒரு சொல்லுப் போதும், அடுத்த ரயில்ல வந்து நிப்பான். எனக்குத் தெரியும் அவனை." அவள் பையின் வாரை இறுக்கினாள். "வந்தா அவனையும் பிடிப்பாங்கள். அவனும்தானே இறக்கினவன். உள்ளை போடுவாங்கள், இல்லாட்டி ஊருக்கு அனுப்புவாங்கள். அவரைக் குடுத்திட்டன். இனி இவனையும் குடுக்க என்னால ஏலாது. மன்னிச்சிட்டன் எண்டில்லை. அவன்ர முகத்தைப் பாக்கவும் ஏலாது. ஆனா கூப்பிட மாட்டன்."

"அப்ப கப்பொராலே?"

"அவன் இருப்பான்," என்றாள். "வானை ஓட்டிக்கொண்டு இருப்பான்."

அவள் கண் கலங்கவில்லை. எவேலியோவுக்குத்தான் எதிரே இருந்த எல்லாம் மங்கிப்போயிற்று. தனக்கு வேறு ஏதாவது சொல்லுவாள் என்று ஒரு கணம் காத்திருந்தான். அவள் வீதியைப் பார்த்தாள்.

பேருந்து வரவில்லை. இருபது நிமிடம் தாமதம் என்று பலகையில் விழுந்தது. சொல்லவேண்டியதெல்லாம் சொல்லி முடிந்த பிறகும் மூன்று பேரும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டியிருந்தது. ஜூலி கழிவறைக்குப் போகவேண்டும் என்றாள். எமிலியானா பைகளைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"பாத்துக்கொள். வாறன்."

அவன் மூன்று பைகளுக்கும் நடுவில் நின்றான். அவர்கள் திரும்பி வந்தபோது பேருந்தும் வந்தது. அவன் பைகளைத் தூக்கி அடியில் வைத்தான். ஜூலி ஏறிக் கண்ணாடிப் பக்கம் இருந்துகொண்டு கை காட்டினாள். எமிலியானா அவளுக்குப் பக்கத்தில் இருந்து, முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து வளைவில் திரும்பும்வரை எவேலியோ கையை ஆட்டிக்கொண்டே நின்றான். பிறகு ஐந்து மணி வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வுச்சீரியாவை நோக்கி நடந்தான்.